ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள்

ராஜ்தூத் 350 என்பது எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஹரியானா மாநிலத்தின் ஃபரிதாபாத்தில் 1983 முதல் 1980களின் இறுதி வரை தயாரித்த இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஆகும். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1973 முதல் 1975 வரை தயாரித்த ஆர்.டி. 350 வண்டியின் இந்திய வடிவம் இது. ஊர்வழக்கில் யாரும் இதை முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை; 'ஆர்.டி.' என்றாலே போதும். அந்த எழுத்துகளுக்குப் 'பந்தயத்திலிருந்து பிறந்தது' என்ற பொருளில் ஆங்கில விரிவு சொல்லப்படுவதுண்டு. யமஹாவின் 1960களின் புகழ்பெற்ற பந்தய வண்டி ஒன்றின் பெயரும் ஆர்.டி. 56தான்.

விற்பனைக்கு வந்த காலத்தில் போதிய வாங்குவோர் இல்லாமல் நின்றுபோன வண்டி இது. தயாரிப்பு நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, அன்று கடையில் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இதைத் தேடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் வண்டி மாறவில்லை. மாறியவை பெட்ரோல் விலையும் சாலையும் சட்டமும் மனிதர்களின் ஆசையும்தான்.

இரு வீச்சு எஞ்சினும் ஒரு தப்பியோட்டமும்

இந்த வண்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள, முதலில் இரு வீச்சு எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டும். புல்லட்டில் உள்ளது நான்கு வீச்சு எஞ்சின். அதில் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழும் சென்றால் ஒரு முறை எரிபொருள் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு எஞ்சினில் இரண்டு முறைக்கு ஒரு வெடிப்பு நிகழும். ஆகவே அதே கொள்ளளவில் கூடுதல் ஆற்றல் கிடைக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எரிந்த புகை வெளியேறும் நேரமும் புதிய கலவை உள்ளே வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. புகையோடு சேர்ந்து எரியாத பெட்ரோலும் புகைபோக்கி வழியே ஓடிவிடும். பாத்திரம் கழுவும்போதே அதில் பால் ஊற்றுவது போன்ற வேலை இது.

இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் வால்டர் காடன் என்ற ஜெர்மானியப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது பேனமுண்டே ஆயுத ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய அவர், போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பந்தய வண்டிகளை வடிவமைத்தார். புகைபோக்கிக் குழாயை ஒரே அளவில் வைக்காமல், முதலில் விரிந்து பிறகு குறுகும் கூம்பாக அவர் செம்மைப்படுத்தினார். எஞ்சினிலிருந்து வெளியேறும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி எஞ்சினைக் காலிசெய்ய உதவும். குறுகும் இடத்தில் மோதும் அலை திரும்பி வந்து, வழிந்தோடிய புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும். ஒரு கதவும் இல்லாமல் காற்றையே கதவாக்கும் உத்தி.

அந்த உத்தி ஜப்பானுக்குச் சென்ற கதை ஒற்றர் கதை போன்றது. எம்.இசட். நிறுவனத்தின் நட்சத்திர ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ஆம் ஆண்டு 125 சி.சி. உலகக் கோப்பையை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆகஸ்டு மாதம் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடன் நாட்டின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் நடந்த பந்தயத்தில் அவருடைய எஞ்சின் பழுதானது. அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. மனைவியும் குழந்தைகளும் இரகசியமாக எல்லை தாண்டி மேற்கே கொண்டுவரப்பட்டனர். அந்த ஆண்டுக் கோப்பை ஹோண்டாவில் ஓடிய டாம் பிலிஸுக்குப் போனது. காடனின் நுட்பங்களோடு சுசுகி நிறுவனத்தில் சேர்ந்த டெக்னர், 1962இல் அந்த நிறுவனத்துக்கு 50 சி.சி. உலகக் கோப்பையை வென்று தந்தார். அதன்பின் அந்த அறிவு ஜப்பான் முழுவதும் பரவ அதிக காலம் ஆகவில்லை. 1964இல் யமஹா தன் முதல் உலகக் கோப்பையை 250 சி.சி. பிரிவில் ஃபில் ரீட் மூலம் பெற்றது. ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் இதைத் திருட்டு என்று எழுதலாம். ஒரு மனிதனின் வரலாற்றில் விடுதலை என்றும் எழுதலாம்.

அலைகளை நம்பிய இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அலை சரியான நேரத்தில் திரும்பி வருவது குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டுமே. அதற்குக் கீழே வண்டி சாதுவாக இருக்கும். அந்த எல்லையைத் தொட்டவுடன் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலப் பாயும். ஆர்.டி.யின் புகழும் அவப்பெயரும் அந்த ஒரு நொடியிலிருந்து வந்தவை.

ரீடு

யமஹாவின் தொடக்கம் மோட்டார் அல்ல, இசைக்கருவி. 1887இல் ஜப்பானின் ஹமமட்சு நகரப் பள்ளி ஒன்றில் பழுதான ரீடு ஆர்கனைச் சரிசெய்ய அழைக்கப்பட்ட தொரகுசு யமஹா, பிறகு தாமே அத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கினார். இசைக்கருவி நிறுவனத்திலிருந்து யமஹா மோட்டார் 1955இல் தனியாகப் பிரிந்தது. நிறுவனச் சின்னத்தில் இன்றும் இருப்பவை மூன்று இசைக்கவைகள்.

ஆர்மோனியம் பார்த்தவர்களுக்கு ரீடு என்றால் என்னவென்று தெரியும்: காற்று பட்டால் அதிரும் மெல்லிய உலோகத் தகடு. ஆர்.டி. 350இன் முக்கியப் புதுமையும் ரீடுதான். அதற்கு முன்பு 1970 முதல் 1972 வரை வந்த ஆர்.5 என்ற 350 சி.சி. வண்டியில், கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையின் வழியைப் பிஸ்டனின் பக்கச்சுவரே திறந்து மூடியது. மெதுவாகப் போகும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஆர்.டி.யில் அந்த வழியில் மெல்லிய எஃகு இதழ்களால் ஆன ஒருவழி வால்வு பொருத்தப்பட்டது. காற்று உள்ளே போனால் இதழ் விலகும். திரும்ப முயன்றால் மூடிக்கொள்ளும். இதனால் தாழ்ந்த வேகத்திலும் எஞ்சினுக்கு இழுவை கூடியது. இசைக்கருவியின் ரீடுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தற்செயலைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

மற்ற விவரங்கள்: 64 மி.மீ. விட்டமும் 54 மி.மீ. வீச்சும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள், மொத்தம் 347 சி.சி., ஏறத்தாழ 39 குதிரைத்திறன், ஆறு கியர்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனித் தொட்டியிலிருந்து ஒரு பம்ப், எஞ்சின் வேகத்துக்கும் திருகும் அளவுக்கும் ஏற்ப எண்ணெயை அனுப்பும்.

அக்காலத்தில் அமெரிக்காவின் டேட்டோனா 200 மைல் பந்தயம் உலகின் பெரிய பந்தயங்களுள் ஒன்று. 1972இல் அங்கே 750 சி.சி. வண்டிகளைத் தோற்கடித்து டான் எம்டே வென்றது 350 சி.சி. யமஹாவில். அடுத்த ஆண்டு பின்லாந்தின் யார்னோ சாரினென் மற்றொரு 350 யமஹாவில் வென்றார். அதே ஆண்டு மே மாதம் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் அவர் உயிரிழந்தார். கடையில் விற்ற ஆர்.டி. 350 இந்தப் பந்தய வண்டிகளின் உடன்பிறப்பு. தன்னைவிட இருமடங்கு பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகளோடு அது போட்டியிட்டதில் வியப்பில்லை.

ஆனால் அது பிறந்த 1973இல்தான் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்தன. ஆர்.டி. 350 இரண்டரை ஆண்டுகளில் ஆர்.டி. 400க்கு இடம் விட்டது. ஜப்பானில் அதன் கதை முடிந்தது.

இந்தியாவுக்கு வருதல்

1980களின் தொடக்கத்தில் இந்திய இளைஞருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் மூன்றே குடும்பங்கள். சென்னை திருவொற்றியூரில் 1950களிலிருந்து தயாராகிவந்த புல்லட், மைசூரின் ஐடியல் ஜாவா நிறுவனத்தின் ஜாவா, யெஸ்டி வண்டிகள், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். போலந்து நாட்டு வண்டியை அடிப்படையாகக் கொண்ட ராஜ்தூத் 175, பால்காரரும் கிராமத்து வியாபாரியும் நம்பிய வண்டி. கேன்களைக் கட்டிக்கொண்டு வரப்பு வரை போகும். 1973இல் வந்த 'பாபி' இந்திப்படத்தில் இடம்பெற்ற அதன் சிறிய வடிவம் 'பாபி' என்றே பெயர் பெற்றது. ராஜ்தூத் என்றால் அரச தூதன். அந்தப் பெயருக்கும் பால் கேனுக்கும் இருந்த தூரத்தை 1983இல் வந்த வண்டி ஒரே பாய்ச்சலில் கடந்தது.

புல்லட்டின் 346 சி.சி. எஞ்சின் தந்தது ஏறத்தாழ 18 குதிரைத்திறன். ஏறக்குறைய அதே கொள்ளளவில் ராஜ்தூத் 350 தந்தது 30.5 குதிரைத்திறன். அதே 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் எஞ்சின் ஆற்றலே 40 குதிரைத்திறனுக்குக் குறைவு. அந்தக் கார் நான்கு பேரைச் சுமந்தது. இந்த வண்டியின் எடையோ ஏறத்தாழ 150 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தை நான்கு நொடிக்குள் தொட்டது என்பார்கள். அன்றைய இந்தியச் சாலையில் அதை விரட்டிப் பிடிக்க அநேகமாக எதுவும் இல்லை.

ஜப்பானிய மூலத்தின் 39 இங்கே 30.5 ஆனதற்குக் காரணம், எரிபொருளைச் சற்றேனும் மிச்சப்படுத்த எஞ்சினை அடக்கியதே. அதுவும் போதவில்லை. 1985 அளவில் 27 குதிரைத்திறன் கொண்ட மற்றொரு வடிவம் வந்தது. முந்தையதை ஹெச்.டி. என்றும் பிந்தையதை எல்.டி. என்றும் குறிப்பர், அதிக இழுவை, குறைந்த இழுவை என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள். இன்று பழைய வண்டி வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி 'ஹெச்.டி.யா, எல்.டி.யா?' என்பதுதான். எல்.டி.யை ஹெச்.டி. என்று சொல்லி விற்பதும் நடக்கிறது.

பிரேக்

இந்திய வடிவத்தில் செய்யப்பட்ட மாற்றங்களுள் மிக முக்கியமானது ஆற்றல் குறைப்பு அல்ல. முன்சக்கரத்தின் டிஸ்க் பிரேக் எடுக்கப்பட்டு, டிரம் பிரேக் பொருத்தப்பட்டதுதான்.

டிரம் பிரேக்கில் சக்கரத்தின் நடுவிலுள்ள மூடிய உருளைக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து சுவரை அழுத்தும். உராய்வில் வெப்பம் பிறக்கும். டிஸ்க்கில் அந்த வெப்பம் திறந்த காற்றில் கலந்துவிடும். டிரம்மில் உள்ளேயே தங்கும். ஒருமுறை பிடித்தால் நன்றாக நிற்கும். வேகமாகப் போய் அடுத்தடுத்து நான்கு முறை பிடித்தால் பிடிப்பு தளரும். மழைநீர் புகுந்தாலும் அப்படியே. ராஜ்தூத் 350இல் இருந்தது இரண்டு கட்டைகளும் முன்னோக்கி இறுகும் நல்லவகை டிரம்தான். புல்லட்டின் வேகத்துக்கு அது தாராளம். மணிக்கு 140 கி.மீ. நோக்கிப் பாயும் வண்டிக்குப் போதுமானதல்ல.

இதோடு டூ-ஸ்ட்ரோக்கின் இன்னொரு இயல்பும் சேர்ந்தது. புல்லட்டில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இழுப்பு மிகக் குறைவு. கையை விட்ட பிறகும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஒடுங்கிய டயர்கள் வேறு. சாலையோ, இரண்டு லாரிகள் விலகினால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய அகலம். நடுவில் மாட்டுவண்டி, விளக்கில்லா டிராக்டர், காயவைத்த நெல், அறிவிப்பில்லா வேகத்தடை.

இதை ஓட்டியவர்களோ பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். அதற்கு முன்பு அவர்கள் ஓட்டியது சைக்கிளும் அப்பாவின் ஸ்கூட்டரும். முதல் இரண்டு கியரில் முன்சக்கரம் தரையை விட்டு எழும் வண்டியை அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பல ஊர்களில் இந்த வண்டிக்கு எமன் என்ற பெயர் ஏற்பட்டது. ஒரு வண்டி ஆளைக் கொல்வதில்லை, ஓட்டுபவரே காரணம் என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். அது பாதி உண்மை. ஓடும் ஆற்றலை முக்கால் பங்கு வைத்துக்கொண்டு, நிற்கும் ஆற்றலை அதைவிட அதிகமாகக் குறைத்தது வடிவமைப்பின் தவறே. அதை ஓட்டுநரின் கணக்கில் எழுதுவது நியாயம் ஆகாது.

வைத்திருத்தல்

ராஜ்தூத் 350 வாங்குவது ஒரு செலவு. வைத்திருப்பது வேறு செலவு.

லிட்டருக்கு 20 முதல் 25 கி.மீ. கிடைத்தால் உரிமையாளர் திருப்தியடைவார். உற்சாகமாக ஓட்டினால் அதுவும் கிடைக்காது. தனியாக டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் வாங்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி காலியானதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வேகத்தில் அப்படி நேர்ந்தால் பின்சக்கரம் சட்டென நின்றுவிடும். பழகிய ஓட்டுநர்கள் இடக்கை விரல்களை எப்போதும் கிளட்ச் மீதே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். எஞ்சினின் ஒலி மாறிய அதே நொடியில் கிளட்சைப் பிடித்தால் உயிர் தப்பலாம். பம்பை நம்பாமல் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றியவர்களும் உண்டு. அவர்களுடைய வண்டி தெருவைத் தாண்டிய பிறகும் நீலப்புகை சற்று நேரம் தெருவிலேயே நிற்கும்.

எல்லாம் இரண்டு என்பது மெக்கானிக்கின் தலைவலி. இரண்டு கார்புரேட்டர், இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டென்சர், இரண்டு இக்னிஷன் காயில். இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒன்று முந்தினால் எஞ்சின் நொண்டும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சரியாக 2 மி.மீ. முன்பு பிளக்கில் தீப்பொறி வர வேண்டும். அளவுமானி வைத்து இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக அதை அமைக்க வேண்டும். புல்லட்டைக் காதால் சரிசெய்யப் பழகிய பல பட்டறைகளுக்கு இது புதிய பாடம். கற்றுக்கொண்ட சிலரிடம் வெளியூரிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தே அவர்கள் நோயைச் சொல்வார்கள்: கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் குறைவு, செங்கல் பழுப்பு என்றால் நலம்.

வெளுப்புதான் ஆபத்து. கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் வயதாகி இறுகினால் அதன் வழியே காற்று கசியும். கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். ஒவ்வொரு முறை சிலிண்டர் தேயும்போதும் கால் மில்லிமீட்டர் கணக்கில் போர் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். சில முறைக்கு மேல் அதுவும் முடியாது. கிராங்க் தேய்ந்தால் பிரித்து அழுத்திச் சேர்க்கத் தேர்ந்த லேத் பட்டறை வேண்டும்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்தது என்ன என்பதை எண்ணால் சொல்ல முடியாது. தாழ்ந்த வேகத்தில் தகரத்தைத் தட்டுவது போன்ற ஒலி. ஐயாயிரம் சுற்றுகளைத் தாண்டியதும் அது ஒரே கிழிசலாக உயரும். பிறகு ஆறு கியரில் எதை எப்போது போட வேண்டும் என்று கை கால் தாமாகவே அறிந்துகொள்ளும் பழக்கம். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி படியும்; வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் விரட்டினால்தான் எஞ்சின் சீராக இருக்கும் என்பார்கள். உண்மையான தொழில்நுட்ப அறிவுரைதான். வீட்டாரிடம் சொல்ல வசதியான காரணமும் அதுவே.

சோழவரம்

விரட்டுவதற்கென்றே ஓர் இடம் தமிழ்நாட்டில் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்திவந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து ஓட்டுநர்கள் வருவார்கள். 1980களில் அங்கே ராஜ்தூத் 350 முக்கியப் போட்டியாளர். எஸ்கார்ட்ஸ் அடக்கிவைத்த எஞ்சினைப் பட்டறைக்காரர்கள் மறுபடியும் திறந்துவிட்டார்கள். சிலிண்டரின் துளைகளை அரம் கொண்டு விரித்தார்கள். தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டி ஒட்டுவைத்துப் புகைபோக்கி செய்தார்கள். வால்டர் காடனின் பெயரை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கிழக்கு ஜெர்மனியில் பிறந்த அந்தக் கூம்பு, ஜப்பான் வழியாக வந்து, வெல்டிங் பொறியில் மீண்டும் பிறந்துகொண்டிருந்தது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் திறக்கப்பட்ட பின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

ஏன் நின்றது

காரணம் எளிது. 1984இல் தமிழ்நாட்டின் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். குழுமத்தின் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பெட்ரோலை நிரப்பிவிட்டு மறந்துவிடலாம் என்பதே அதன் விளம்பரம். அரசு ஊழியரும் ஆசிரியரும் மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தபோது, ஒரு லிட்டருக்கு மூன்று மடங்கு தூரம் ஓடும் வண்டியின் முன்னால் ராஜ்தூத் 350 நிற்க முடியவில்லை.

அதைவிடக் கூர்மையான அடி சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அதே 1985இல் எஸ்கார்ட்ஸ் யமஹாவோடு சேர்ந்து ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் கொண்டுவந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், அதே ரீடு வால்வு, எடையோ நூறு கிலோவை ஒட்டி. பெரியண்ணனின் துள்ளலில் பெரும்பகுதியைப் பாதிக்கும் குறைவான பெட்ரோலில் அது தந்தது. வேகம் விரும்பிய இளைஞருக்கும் ராஜ்தூத் 350 வாங்கக் காரணம் குறைந்தது. 1980களின் முடிவில் தயாரிப்பு நின்றது. இரு சக்கர வண்டிகளுக்கான புகைக் கட்டுப்பாடுகள் 1991இல் வந்து 1996இலும் 2000இலும் இறுகின. ஆர்.எக்ஸ். 100கூட 1996ஐத் தாண்டவில்லை.

அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ராஜ்தூத் 350 பெரும்பாலும் பழைய இரும்பாகவே மதிக்கப்பட்டது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிரிக்கப்பட்டுப் பாகங்களாகப் போன வண்டிகள் ஏராளம். வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாக்குப்போட்டு மூடிவைத்தவர்களே, தெரியாமலே, அதைக் காப்பாற்றினார்கள்.

மறுவாழ்வும் சட்டமும்

2000க்குப் பிறகு காற்று திசைமாறியது. அன்று வாங்க முடியாத மாணவர்கள் இன்று சம்பாதிக்கும் நடுவயதினர். கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி இந்த வண்டியை விரும்பி வைத்திருப்பது நாடறிந்த செய்தி. விலை ஏறியது. உலகெங்கும் ஆர்.டி. ரசிகர்கள் இருப்பதால் பிஸ்டன், ரீடு, சீல் போன்றவை வெளிநாடுகளிலும் கிடைக்கின்றன. விலை ஏறியபோது மோசடியும் ஏறியது. இரண்டு மூன்று வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதும், ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தை மற்றொன்றுக்குக் காட்டுவதும் நடக்கின்றன. வாங்குவோர் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சுரண்டிப் பார்த்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல் முன்பணம் தரக் கூடாது. பெயிண்டின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. பணத்தைவிடச் சிக்கலானது மாற்றங்கள் பற்றிய விதி. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது சட்டம். 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்று ராஜ்தூத் 350 வைத்திருக்கும் பலர் முதலில் செய்வது முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் பொருத்துவதுதான். அது ஜப்பானில் பிறந்தபோதே இருந்த பாகம். ஆனால் எழுத்துப்படி பார்த்தால் டிரம்தான் சட்டபூர்வமானது. உயிரைக் காக்கும் மாற்றத்துக்கும் ஒலியைக் கூட்டும் மாற்றத்துக்கும் விதி வேறுபாடு காட்டுவதில்லை.

தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் உத்தரவிட்டது; 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன்பின்னும் வழக்குகளும் திருத்தங்களும் தொடர்கின்றன. ஃபரிதாபாத் அந்த வட்டாரத்துக்குள் அடங்கும். அங்கே செய்யப்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளியேறித் தெற்கே வந்தன. தில்லியில் வாங்கி, அங்குள்ள அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யப்பட்ட ராஜ்தூத் 350கள் இங்குள்ள சாலைகளில் உள்ளன.

2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பழுதுபார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் எடுத்துச் செல்லலாம். ஜப்பானின் முதல் ஆர்.டி. 350களுக்கு 2023இல் ஐம்பது நிறைந்தது. ஃபரிதாபாத்தின் முதல் வண்டிகள் 2033 வரை காத்திருக்க வேண்டும்.